தபால்காரனின் இடக்கைப் பக்கம்

மனோர் பார்க்
3 டிசம்பர் 2024

அன்புள்ள றோஸ்மலருக்கு,

கணேசலிங்கம் எழுதிக்கொள்வது. நானும் சுலோச்சனாவும் நலம். உமது நலத்தைக் கேட்க மூன்று நாளாகத் தொலைபேசி எடுக்கிறேன், நீர் எடுக்கிறீர் இல்லை. அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டீர் என்று நீல அடையாளம் விழுகிறது, பதில் இல்லை. இருபத்தாறு வருடம் ஈஸ்ட் ஹாம் தெருக்களில் கடிதம் போட்டவன் நான். தொலைபேசியை எடுக்காத மனிதரும் கதவுக்குள் விழுந்த கடிதத்தைப் பிரிக்காமல் விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உமக்குக் காய்ச்சல் என்று ஹெலன் சொன்னார். ஆகவே பென்னி மார்ஷ் சதுப்பு நிலத்தில் அன்று நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். ஏழேகாலுக்கு நான் கேற்றைத் திறக்கப் போனபோது உள்ளே முப்பத்துநாலு பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். வாத்து எண்ணிப் பழகிய கண், தானாக எண்ணிவிட்டது. வேலி பாய்ந்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கை நீளத்துக்கு லென்ஸ். நாங்கள் கட்டிய கயிற்றைத் தாண்டி, பம்ப் வீட்டுக்குப் பக்கத்து முட்புதரைச் சுற்றி மிதித்து, படம் தெளிவாக விழவேண்டும் என்று கொப்புகளைக் கத்திரியால் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் கையைத் தட்டினாராம், ஓர் ஆந்தை எழும்பி ஆற்றுக்கு மேலால் போனதாம். அதற்குப் பிறகு மூன்றையும் காணவில்லை. போய்விட்டன என்று ஹெலன் பதிவு செய்துவிட்டார்.

மாரி தொடங்கியதிலிருந்து அந்தப் புதருக்குள் பகலில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று நீள்காது ஆந்தைகளைப் பற்றி மூன்று பேருக்குத்தான் தெரியும். நிலத்தை நிர்வகிக்கிற ஹெலன், தொண்டர்களில் அவற்றை முதலில் கண்ட நீர், பிறகு நான். ஒருவருக்கும் சொல்லக்கூடாது, பறவை பார்க்கும் குடிலில் எல்லோரும் எழுதுகிற குறிப்புப் புத்தகத்திலும் எழுதக்கூடாது என்று ஹெலன் சொன்னது உமக்கு நினைவிருக்கும். நாங்கள் எழுதினோம். தமிழில்தானே, யாருக்கு விளங்கப்போகிறது என்று எழுதினோம். வெள்ளிக்கிழமை மாலை பறவை பார்ப்பவர்களின் இணையத்தளத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள்: பென்னி மார்ஷ், பம்ப் வீட்டுக்கு இடக்கைப் பக்கம், முட்புதர், மூன்று ஆந்தைகள். என் சொற்கள், வரிக்கு வரி.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். அன்று காலை ஆறரை மணிக்கு உம்முடைய தம்பி கிருசாந்தனின் வெள்ளை வான் பின் ஒழுங்கையில் விளக்கில்லாமல் நின்றது. அதற்கு முதல் புதன்கிழமையும் கண்டேன். அவர் கலியாண வீடுகளில் படம் எடுப்பவர், நீண்ட லென்சும் வைத்திருப்பவர். காய்ச்சல்காரியின் தம்பிக்கு விடியற்காலையில் சதுப்பு நிலத்தில் என்ன அலுவல்?

நான் உம்மைச் சந்தேகப்படவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
கணேசலிங்கம்


இல்ஃபோர்ட்
7.12.2024

கணேசலிங்கம் அண்ணைக்கு,

எனக்குக் கடிதத் தமிழ் வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், பிழை பிடிக்கிறதெண்டா பிடியுங்கோ.

சந்தேகப்படேல்லையாம், கேக்கிறீங்களாம். நல்லாயிருக்கு. வியாழக்கிழமை ஹெலன் எனக்குப் போன் எடுத்தவ. பன்னிரண்டாம் திகதி வேலை இன்டர்வியூ இப்ப இல்லையாம். இருபதாம் திகதி வந்து தன்னோட தனியக் கதைக்கட்டாம், அதுவரைக்கும் சனிக்கிழமையளில வரவேண்டாமாம். பிறகு கேட்டா, உன்ர தம்பியின்ர வான் அண்டைக்கு அங்க நிண்டதோ எண்டு.

ஹெலன் ஒன்பது மணிக்குத்தான் வாறவ. ஆறரைக்கு அந்த ஒழுங்கையால வாற ஆள் ஆர்? கேற்றுத் திறப்பு வைச்சிருக்கிற ஆள். எனக்குக் கடிதம் போட முதலே நீங்கள் அவவிட்டப் போய்ச் சொல்லியாச்சு. சொல்லிப்போட்டு எனக்கு "நலமோ" எண்டு எழுதுறீங்கள்.

ஒன்பது மாரி அண்ணை. ஒன்பது மாரி அந்தச் சேத்துக்க முழங்கால் விறைக்க நிண்டு நாணல் வெட்டினனான். நீங்கள் போன வருசம் ஹாட் அட்டாக் வந்து, நடக்கச் சொல்லி டொக்டர் அனுப்பி வந்தனீங்கள். கிளுவைக்கும் மற்ற வாத்துக்கும் வித்தியாசம் காட்டித் தந்தது நான். வயசுபோன ஆக்களின்ர ஹோமில சமையல்கட்டுக்குள்ள பதினாலு வருசமா வெங்காயம் உரிக்கிறன். அந்தச் சதுப்பு நிலத்தில உதவிக் காப்பாளர் வேலைதான் நான் வாழ்க்கையில ஆசைப்பட்டுக் கேட்ட முதல் வேலை. அது இப்ப உங்கட ஒரு வாயால தொங்கிக்கொண்டு நிக்குது. இது விளையாட்டில்லை.

நீங்கள் மட்டும் வாயைக் கட்டி வைச்சிருந்தனீங்களோ? முருகன் கோயில்ல அன்னதானத்துக்கு இருந்துகொண்டு, "எங்களிட்ட மூண்டு விருந்தாளியள் வந்திருக்கினம், ஆரெண்டு சொல்ல ஏலாது" எண்டு உங்கட சிநேகிதன் யோகராஜாவுக்குச் சொன்னனீங்களாம். அவர் அதை என்ர கடைக்காரனுக்குச் சொல்லி, கடைக்காரன் எனக்குச் சொன்னவன். ரகசியம் எண்டு சொல்லிச் சொல்லி ஊருக்குக் குடுக்கிற ஆள் நீங்கள். புத்தகத்தில எழுதுவம் எண்டதும் நீங்கள்தான்.

வான் ஏன் நிண்டது எண்டு உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஒண்டு மட்டும் கேக்கிறன், யோசிச்சுப் பதில் எழுதுங்கோ. வந்த சனம் பம்ப் வீட்டுக்கு எந்தப் பக்கத்து முட்பத்தையை மிதிச்சது?

றோஸ்மலர்


மனோர் பார்க்
10 டிசம்பர் 2024

றோஸ்மலருக்கு,

உமது கடிதம் நேற்றுக் கிடைத்தது. சுலோச்சனாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால், "ஆந்தையைத் தேடிப் போய் வினையைத் தேடிக்கொண்டு வந்து நிக்கிறீங்கள்" என்று ஆரம்பித்திருப்பாள். வீட்டில் அந்தப் பறவையின் பெயரையே சொல்ல விடமாட்டாள், உமக்குத் தெரியும்.

ஓம், ஹெலனுக்கு நான்தான் சொன்னேன். அன்று காலை வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டாயா என்று கேட்டார். கண்டதைச் சொன்னேன். கண்டதைச் சொல்வது குற்றமா? நீர் ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் வான் ஏன் நின்றது என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர், அந்த ஒரு வரி இல்லை.

யோகராஜாவிடம் விருந்தாளிகள் என்றுதான் சொன்னேன். ஆந்தை என்று சொல்லவில்லை, இடம் சொல்லவில்லை. டிக்கெற் மேசையில் நிற்கிற கஜந்தினி இங்கே பிறந்த பிள்ளை, தமிழில் தன் பெயரையே எழுத மாட்டாள். ஆகவே பென்னி மார்ஷுக்கு வந்து போகிறவர்களில் என் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று நீரே பாரும்.

நீர் கேட்ட கேள்விக்குப் பதில். குடிலின் சன்னலால் பார்த்தால் இடப்பக்கம் தெரிகிற புதரைத்தான் மிதித்திருக்கிறார்கள். வெட்டிய கொப்புகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யார் சொன்னது என்று தெரியாமல் எனக்கு நித்திரை வருகிறதில்லை. ஏனென்று உமக்குத் தெரியும். போன ஜனவரியில் பனி கொட்டிய நாள், குடிலுக்குள் இருவரும் அடைபட்டிருந்தபோது சொன்னேன். எண்பத்தேழில் இராணுவத்தார் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களை வரிசையில் விட்டார்கள். முகத்துக்குச் சாக்குப் போட்ட ஒருவன் ஜீப்பில் இருந்தான். அவன் சிலருக்குத் தலையாட்டினான், சிலருக்கு ஆட்டவில்லை. என் அண்ணைக்கு ஆட்டினான், ஏற்றிக்கொண்டு போனார்கள். சாக்குக்குள் இருந்தது யாரென்று முப்பத்தேழு வருடமாக எனக்குத் தெரியாது. ஊரில் எவரைக் கண்டாலும் இவனோ, இவனோ என்று பார்த்தேன். லண்டனுக்கு வந்தும் பார்த்தேன். கடிதம் போடுகிற வீடுகளில் எங்கள் ஊர்ப் பெயர் கண்டால் கொஞ்சம் நின்று பார்ப்பேன். அது ஒரு வருத்தம்தான், ஆனால் மாறவில்லை.

அதனால் கேட்கிறேன். வான் ஏன் நின்றது?

கணேசலிங்கம்


இல்ஃபோர்ட்
13.12.2024

அண்ணை,

முதல்ல பத்தையைப் பற்றிச் சொல்லுறன்.

நீங்கள் இடம் சொல்லுற விதம் எனக்குத் தெரியும். தபால்காரன் தெருவுக்குள்ள உள்ளிட்டு நடக்கிற மாதிரிச் சொல்லுவீங்கள். கேற்றால வந்தா இடக்கைப் பக்கம் மூண்டாவது, வலக்கைப் பக்கம் அஞ்சாவது எண்டு. பத்தையளுக்கே வீட்டு நம்பர் குடுத்த ஆள். நான் எத்தினை நாள் சிரிச்சிருப்பன். நீங்கள் புத்தகத்தில எழுதின "இடக்கைப் பக்கம்" கேற்றால நடந்து வாற ஆளின்ர இடக்கை. ஆனா குடில் கேற்றைப் பாத்துக்கொண்டு நிக்குது. உள்ளுக்க இருந்து பாக்கிற ஆளுக்கு அது வலக்கைப் பக்கம்.

சனம் மிதிச்சது குடிலில இருந்து பாக்கிற இடப்பக்கம். ஆந்தை ஒருநாளும் இருக்காத பத்தை.

நான் சொல்லியிருந்தா சரியான பத்தையைச் சொல்லியிருப்பன். முதல்ல கண்டதே நான்தானே. நீங்கள் வாயால சொல்லியிருந்தா கேற்றில கூட்டிக்கொண்டுபோய் விட்டுக் கை காட்டியிருப்பீங்கள். இது குடிலுக்க இருந்து உங்கட புத்தகத்தை வாசிச்ச ஆரோ. உங்களைத் தெரியாத, நீங்கள் தபால்காரன் எண்டு தெரியாத ஆரோ. இருபத்தாறு வருசம் விலாசம் பாத்த மனுசனுக்கு இது ஏன் ஓடேல்லை? ஓடாது, ஏனெண்டா உங்களுக்கு ஆள் முதலே முடிவாகிப்போச்சு.

நவம்பர் நடுவில யோகராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்து குடிலுக்க தேத்தண்ணி குடிச்சனீங்கள் எண்டு கஜந்தினி சொன்னவள். அதை எனக்கு எழுதேல்லை. தமிழ் வாசிக்கிறவை ரெண்டு பேர்தானாம். உங்கட கணக்கில ஒராளைக் காணேல்லை.

இப்ப மற்றதைச் சொல்லுறன், நோகும் எண்டு தெரிஞ்சுதான் சொல்லுறன். அண்டைக்குப் பனிக்க இருந்து உங்கட அண்ணையின்ர கதையைச் சொல்லேக்க நான் அழுதனான். ஹெலன் கேட்டவுடன நீங்கள் என்ன செய்தனீங்கள்? என்னட்ட ஒரு வார்த்தை கேக்காமல், இருட்டுக்க ஒரு வெள்ளை வானைக் கண்ட பயத்தில, என்னைப் பாத்துத் தலையாட்டினீங்கள். அவனுக்குச் சாக்காவது இருந்தது. நீங்கள் கழுத்தில தொண்டர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்டினீங்கள்.

இனிக் கடிதம் போட வேண்டாம்.

றோஸ்மலர்


மனோர் பார்க்
14 டிசம்பர் 2024

றோஸ்மலருக்கு,

போட வேண்டாம் என்றீர். இது ஒன்று மட்டும்.

பத்தையைப் பற்றி நீர் சொன்னது சரி. வெட்டிய கொப்புகளைக் கண்ட பதற்றத்தில் எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவேயில்லை. இன்று பின்னேரம் கேற்றில் நின்றும் பார்த்தேன், குடிலில் இருந்தும் பார்த்தேன். மற்றப் பத்தையில் ஒரு முள்ளுக்கூடக் குழம்பவில்லை.

யோகராஜாவைக் கூட்டிவந்தது உண்மை. எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான்.

கடைசியாக நீர் எழுதியதை நாலைந்து தரம் வாசித்தேன்.

க.


இல்ஃபோர்ட்
16.12.2024

அண்ணை,

உங்கட கடிதம் இண்டைக்கு வந்தது. சின்னக் கடிதம். நீங்கள் இப்பிடிச் சுருக்கமா எழுதினதை நான் காணேல்லை, அதுதான் திருப்பி எழுதுறன். மனம் இளகி எண்டு நினைக்க வேண்டாம். ஒரு சோதினைக்குத்தான் எழுதுறன்.

வான் ஏன் நிண்டது எண்டு சொல்லுறன்.

அந்த வேலைக்கு வாகனம் ஓடத் தெரிய வேணும். ட்ரெய்லரைக் கொளுவி நாணல் கட்டு இழுக்க வேணும். செப்டம்பரில ஹெலன் "நீ ஓடுவாய்தானே" எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன். படிவத்திலயும் லைசென்ஸ் இருக்கெண்டு அடையாளம் போட்டன். இல்லை அண்ணை. ரெண்டு தரம் பெயில். இன்டர்வியூவுக்கு முதல் எடுத்துப்போடலாம் எண்டு நினைச்சன். கிருசாந்தன் வேலைக்குப் போக முதல், சனமில்லாத ஒழுங்கை எண்டு அங்க கூட்டிக்கொண்டு வந்து பின்னுக்கு எடுக்கப் பழக்கினவன். லைற்றை நிப்பாட்டச் சொன்னது நான். உங்களைக் கண்டு, சீற்றுக்குக் கீழ குனிஞ்சு இருந்ததும் நான்தான். காலுக்க அவன்ர சாப்பாட்டுப் பெட்டி, நல்லா நசிஞ்சு போச்சு.

முப்பதாம் திகதி எனக்குக் காய்ச்சலில்லை. எட்டரைக்கு ட்ரைவிங் டெஸ்ட். மூண்டாந்தரமும் பெயில். வட்டச் சந்தியில ஒரு சைக்கிள்காரனுக்கு வழி விட்டிட்டு, பிறகும் வானை எடுக்காமல் நிண்டே பெயில். வீட்ட வந்து அழுதுகொண்டு கிடக்கேக்கதான் உங்கட போன் அடிச்சது.

இருபதாம் திகதி ஹெலன் வானைப் பற்றிக் கேப்பா. உண்மையைச் சொன்னா பொய் சொன்னவளாகி வேலை போகும். சொல்லாட்டி ஆந்தையை வித்தவளாகி வேலை போகும். இதுதான் என்ர நிலைமை.

இப்ப உங்களுக்கும் தெரியும். கொண்டுபோய்ச் சொல்லுறதெண்டா சொல்லுங்கோ. சொல்லுவீங்களோ மாட்டீங்களோ எண்டு பாக்கத்தான் எழுதுறன். எனக்கு இதில இழக்க இனி ஒண்டுமில்லை.

றோஸ்மலர்


மனோர் பார்க்
19 டிசம்பர் 2024

அன்புள்ள றோஸ்மலருக்கு,

இன்று மாலைத் தபாலுக்கு முன்பாக முதல் வகுப்பு முத்திரை ஒட்டிப் போடுகிறேன். நீர் நாளை ஹெலனிடம் புறப்படுமுன் கைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை யோகராஜா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, குடிலில் இருந்த புத்தகத்தை வாசித்தாயா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவன் மேசையில் கிடந்த மருந்துப் பெட்டியை எடுத்து, "இதில என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லு பாப்பம், எனக்கே காலையில மனுசிதான் வாசிச்சுத் தாறா" என்றான். இரண்டு கண்ணிலும் வெண்படலமாம், பங்குனியில் ஒப்பரேஷனாம். நாற்பது வருட சிநேகிதம். ஆந்தைக்காக அவனையும் சோதித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நேற்றுப் புதன்கிழமை, என் நாள். ஆள்காட்டிக் குருவி நூற்றிப் பதினாறு, தட்டைவாயன் வாத்து நாற்பது எண்ணி எழுதிவிட்டுக் குடிலில் இருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயப் பெண், பிளாஸ்க்கும் கம்பளித் தொப்பியுமாக வந்து பக்கத்தில் இருந்தார். புத்தகத்தைப் புரட்டினார். தமிழ் எழுத்தைக் கண்டதும் எவ்வளவு அழகாக இருக்கிறது, எந்த மொழி என்று கேட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சொன்னேன். அவர் தன் தொலைபேசியை எடுத்துப் பக்கத்துக்கு மேலே பிடித்தார், ஏதோ கொசு அடிக்கப் பிடிப்பதுபோல. பிறகு அது மொழிபெயர்த்துக் காட்டியதை ஆங்கிலத்தில் உரத்து வாசித்தார்.

றோஸ்மலர், அவர் வாசித்தது நான் நவம்பர் இருபதாம் திகதி எழுதியதை. இன்றும் மூன்று ஆந்தைகள். பம்ப் வீடு, இடக்கைப் பக்கம், முட்புதர். றோஸ், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். அரைகுறை ஆங்கிலம், முன்பின்னாக வந்தது. ஆனால் இடம் துல்லியமாக வந்தது. அதற்குக் கீழே நீர் எழுதியிருந்த "மூண்டும் சுகம்" என்பதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, எங்கே அந்த ஆந்தைகள் என்று என்னையே கேட்டார்.

பஸ்ஸில், வைத்தியசாலையில், கடையில் எத்தனை ரகசியத்தைத் தமிழில் கதைத்திருக்கிறோம். தமிழ் ஒரு பூட்டு என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். திறப்பு எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்று நீர் புகழ்வீர், அது இன்னும் வசதியாகப் போய்விட்டது. போன மாதம் அந்தக் குடிலில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். அதில் எவர் என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. தேடி ஒரு பயனும் இல்லை.

இன்னும் ஒன்று உமக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஹெலன் கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது புத்தகம்தான். எழுதக்கூடாது என்றதை எழுதியவன் நான். புத்தகத்தைப் பற்றி அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் வானைச் சொன்னேன். பிறகு அதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன். தலையாட்டியதைப் பற்றி நீர் எழுதிய அந்த வரிகள் சரி. அதைத்தான் செய்தேன்.

இன்று காலை ஹெலனிடம் போனேன். புத்தகத்தை விரித்து வைத்து, அவருடைய தொலைபேசியையே அதன்மேல் பிடிக்கச் செய்தேன். வாசித்தார். எழுதத் தொடங்கியது நான், யோசனையும் என்னுடையது, நீர் கீழே இரண்டு சொல் எழுதியது என் சொல்லைக் கேட்டு என்றேன். பெப்ரவரி முடியும்வரை வரவேண்டாம் என்றார். கேற்றுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீர் எழுதிய மற்ற விடயத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நீர் என்னை இனி எழுத்தால் நம்பமாட்டீர், நம்பவும் தேவையில்லை.

ஆந்தைகள் போனதுதான் நெஞ்சில் கிடக்கிறது. மாரி நடுவில் எங்கே போய் இடம் தேடியிருக்கும்? என் கையெழுத்தால் போனது.

கணேசலிங்கம்


இல்ஃபோர்ட்
5.1.2025

கணேஸ் அண்ணைக்கு,

புது வருச வாழ்த்து. அக்காவுக்கும் சொல்லுங்கோ.

உங்கட கடிதம் இருபதாம் திகதி பின்னேரம்தான் கண்டனான். காலையில நான் வெளிக்கிடேக்க தபால் வரேல்லை. அதனால நீங்கள் என்ன சொன்னீங்கள், என்ன சொல்லேல்லை எண்டு ஒண்டும் தெரியாமல்தான் ஹெலன்ர அறைக்குள்ள போனனான். நீங்கள் எல்லாத்தையும் சொல்லியிருப்பீங்கள் எண்டுதான் நினைச்சன், பொய் சொல்ல மாட்டன். மற்றாள் சொல்லிக் கேக்கிறதிலும் பாக்க நானே சொல்லுவம் எண்டு கதிரையில இருக்க முதலே தொடங்கிட்டன். லைசென்ஸ் இல்லை, மூண்டு தரம் பெயில், காய்ச்சலும் பொய், வானுக்குள்ள குனிஞ்சிருந்தது நான் எண்டு மூச்சு விடாமல் சொன்னன். சொல்லி முடிய அழுகை வந்திட்டுது.

ஹெலன் ஒரு மாதிரிப் பாத்தா. பிறகு கேட்டா, "கணேசுக்கு இது தெரியுமா?" எண்டு. தெரியும், திங்கக்கிழமையே எழுதினனான் எண்டன். பிறகு அவ சொன்னா. முதல்நாள் அவ உங்களிட்ட வானைப் பற்றித் திருப்பிக் கேட்டவவாம். ரெண்டு தரம் கேட்டவவாம். நீங்கள் ரெண்டு தரமும் "எனக்குத் தெரியாது" எண்டு சொன்னனீங்களாம். முதல் சொன்னதுக்கு வெக்கப்படுறன், இனி ஆரைப் பற்றியும் என்னட்டக் கேக்க வேண்டாம் எண்டும் சொன்னனீங்களாம்.

இதை நீங்கள் கடிதத்தில எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன். ஹெலன்ர வாயால கேட்டபடியாத்தான் நம்புறன்.

படிவத்தில பொய் எழுதினதுக்கு ஹெலன் நல்லா ஏசினவ. எழுத்தில எச்சரிக்கையும் தந்தவ. ஆனா இன்டர்வியூவை வெட்டேல்லை. வெள்ளிக்கிழமை நடந்தது. வேலை சித்திரையில தொடங்குதாம். மாசி பதினோராம் திகதி எனக்கு டெஸ்ட். பாஸ் பண்ணினா வேலை எனக்கு, பண்ணாட்டி மற்றாளுக்கு. வட்டச் சந்தியை நினைச்சா இப்பவே கை வேர்க்குது. கிருசாந்தன் உங்களில இன்னும் கோவமாத்தான் இருக்கிறான். சாப்பாட்டுப் பெட்டிக்கும் சேத்து.

இனி உங்களிட்ட ஒளிச்ச ஒண்டைச் சொல்ல வேணும்.

என்னை வர வேண்டாம் எண்ட நாள் தொடக்கம் நான் ஆத்தோரப் பாதையில, வேலிக்கு வெளியில நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அது பொதுப் பாதை, ஆரும் தடுக்க ஏலாது. டிசம்பர் பன்னிரண்டாம் திகதி பின்னேரம் நாலேகாலுக்கு, வெளிச்சம் மங்கேக்க, ஒண்டு எங்கட பத்தையால வெளிக்கிட்டு வந்து வேலிக்கட்டையில இருந்தது. பிறகு ரெண்டாவது. கொஞ்சம் பொறுத்து மூண்டாவது. காதை நிமித்தி என்னை ஒருக்காப் பாத்திட்டு எலி தேடிப் போச்சினம். அண்டைக்கு எழும்பிப் பறந்தது ஒண்டுதான், அதுவும் திரும்பி வந்திட்டுது. மற்ற ரெண்டும் அசையவே இல்லை. சனம் முழுக்க நீங்கள் எழுதின இடக்கையை நம்பிப் பிழையான பத்தையைச் சுத்தி நிண்டிருக்கு. நீங்கள் தபால்காரனா இல்லாமல் வேற ஆரும் எழுதியிருந்தா எங்கட மூண்டும் இப்ப இல்லை.

அடுத்தநாள்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினனான். ஆந்தை இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு எழுதினனான். சொல்லேல்லை. ஹெலனுக்கும் இருபதாம் திகதிதான் சொன்னனான். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் அவவைக் கேட்டனான். மூண்டு கிழமையா நீங்கள் அதுகள் போயிட்டுதெண்டு நித்திரையில்லாமல் இருந்திருப்பீங்கள், அதுவும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான். நானும் நல்லவளில்லை அண்ணை.

இப்ப அதுகள் இடம் மாறியிட்டுது. எங்கயெண்டு எழுத மாட்டன். தமிழிலயும் எழுத மாட்டன்.

வாற சனிக்கிழமை பின்னேரம் மூண்டரைக்கு ஆத்தோரப் பாதையில, பழைய பாலத்தடிக்கு வாங்கோ. வெளிப்பாதை எண்டபடியா ஹெலன்ர தடைக்குள்ள வராது, நான் கேட்டிட்டன். ரெண்டு காலுறை போடுங்கோ, காத்துக் குளிர். வழி கேட்டு ஆருக்கும் போன் அடிக்க வேண்டாம். அக்காவுக்கு மட்டும், ஆந்தை எண்டு சொல்லாமல், றோசைப் பாக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.

போனை வீட்டில வைச்சிட்டு வாங்கோ. வந்தவுடன உங்கட கோட்டுப் பொக்கற்றை ரெண்டு பக்கமும் நான் தட்டிப் பாப்பன். கோவிக்கக் கூடாது. என்ரயைத் தட்டிப் பாக்க உங்களுக்கும் விடுவன்.

றோஸ்